நாலாவது கியர்

அந்த வண்டியை அந்த வீட்டில் யாரும் கார் என்று சொல்வதில்லை. பெரியவர் என்றுதான் சொல்வார்கள். காலையில் கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்க மாட்டார். எழுந்தாலும் இருமாமல் நகர மாட்டார். மழை அவருக்கு ஆகாது, வெயில் அதைவிட ஆகாது. மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் நடுத்தெருவில் நின்றுவிடுவார். ஆகவே அவரைப் பற்றி ‘ர்’ போட்டுப் பேசுவதே எல்லோருக்கும் நல்லது என்று எப்போதோ முடிவாகியிருந்தது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஏற்கெனவே இரண்டு பேரிடம் பாடுபட்டுவிட்டு வந்த வண்டி அது. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். நடுவில் ஃபிரிட்ஜ் மாறியது, கட்டில் மாறியது, குடியிருந்த வீடே இரண்டு தடவை மாறியது. பெரியவர் மட்டும் மாறவில்லை. மாற்றலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிடும். “அவருக்கு என்ன குறை?” என்று கேட்பார். குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்காரர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, யாருக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை, யாருக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்று சொல்லும் தொழில். கடை நடக்கும் தூரம். மனைவி நர்ஸ், ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பஸ்ஸிலேயே போய் வந்துவிடுவாள். எனவே பெரியவர் வாரம் முழுக்க ஓய்வெடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, பெரிய ரோட்டில் பக்கத்து ஊரில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போய் வருவார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கும்.

பெரியவரோடு குடித்தனம் பண்ணுவதற்குச் சில பழக்கங்கள் தேவைப்பட்டன. கதவை லேசாகத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். பெட்ரோல் முள்ளை நம்புவதற்கு முன் அதன் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஹார்ன் அடித்தால் வைப்பரும் ஒருமுறை எழுந்து படுக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு வேகமான திருப்பங்களில் தானாகத் திறந்துகொள்ளும் என்பதால், திருப்பம் வந்தால் எல்லோரும் உள்பக்கமாகச் சாய்ந்துகொள்ள வேண்டும். சாய்ந்தால் கதவு திறக்காது என்று யாரும் நிரூபித்ததில்லை, ஆனால் சாய்ந்த நாளில் திறந்ததும் இல்லை. இது உடம்பில் ஊறிப்போய், வாடகை வண்டியிலும் பஸ்ஸிலும்கூடத் திருப்பம் வந்தால் அந்தக் குடும்பம் மொத்தமாகச் சாயும். வாடகை வண்டிக்காரர்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

இவை போக, மனைவிக்கென்று தனியாக ஒரு வேலை இருந்தது. வண்டி வாங்கிய புதிதில், மேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது நாலாவது கியர் சட்டென்று நழுவிவிட்டது. எஞ்சின் தொண்டை கிழியக் கத்த, வண்டி வேகம் செத்துப் பின்னால் வந்தவர்கள் மேல் உருளப் பார்த்தது. மடியில் குழந்தை. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் மெக்கானிக் எண்ணெயை மாற்றிக் கொடுத்து, பார்க்கலாம் என்றார். அன்றைக்கே அவள் கியர்க் கம்பியின் குமிழ் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்தவள்தான், பிறகு எடுக்கவே இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, இதோ கியர் மாற்றப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் கை தன் கைமேல் வந்து படியும் நொடியில் பிடியைத் தளர்த்துவாள். மாற்றி முடித்ததும் மறுபடி அழுத்துவாள். அக்கா வீட்டிலிருந்து திரும்பிய ஞாயிறுகளில் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வார்டில் நோயாளிகளைத் தனியாகத் தூக்காதே என்று அவர் அக்கறையாகக் கடிந்துகொள்வார். எதற்கு வலிக்கிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும், தன் வண்டியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பேசுகிறார் என்று அவளும் விட்டுவிடுவாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆஸ்பத்திரியில் புது வேலை ஒன்று முளைத்தது. படுக்கையோடு படுக்கையாகக் கிடக்கிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, வீட்டு மனிதர்களுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டு வர வேண்டும். இரவு டியூட்டி கிடையாது. மேலே நின்று அதட்ட யாரும் கிடையாது. ஆஸ்பத்திரியே ஒரு சின்ன வெள்ளைக் கார் கொடுக்கும். அதை ஓட்டத் தெரிய வேண்டும், லைசென்ஸ் வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குத்தான் என்று தலைமை நர்ஸ் முடிவே செய்துவிட்டாள். ஆனால் அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், அப்புறம் என்மேல் வருத்தப்படாதே என்றும் சொல்லிவிட்டாள்.

பாதி மாதம் இரவில் விழித்து, விடிந்து வந்து சமைத்து, பகலில் திரை போட்டுத் தூங்கி, மகள் வளர்ந்ததையே அரைத் தூக்கத்தில் பார்த்தவள் அவள். தனக்கென்று ஒன்றை அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நான் கொண்டுபோய் விட மாட்டேனா என்றார். வீடு வீடாகவா என்று அவள் கேட்டதும் பேச்சை மாற்றினார். பெரியவரில் பழகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் கைக்குத்தான் அவர் பழகியிருக்கிறார், இன்னொரு கை பட்டால் படுத்துவிடுவார் என்பது வீட்டுக்காரருடைய சாசனம். அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவள் எதற்கும் லேசில் பாராட்டாத ஒரு பருத்த பெண்மணி. முதல் வாரத்திலேயே, எங்கோ ரகசியமாக ஓட்டியிருக்கிறாய், என்னிடம் மறைக்காதே என்றாள். எஞ்சின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றுவது தனக்கே வரப் பல வருடம் ஆனதாம். அவள் தலைகால் புரியாத சந்தோஷத்தில் டெஸ்ட்டுக்குப் போனாள்.

போனவள் தோற்றுவிட்டு வந்தாள்.

தெரு ஓரத்தில் நிறுத்தியதில் தவறில்லை, பின்னால் எடுத்ததில் தவறில்லை. ஆனால் முதல் திருப்பத்திலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பார்த்து, சார், கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நில்லாமல் தானும் சாய்ந்தாள். அதிகாரி பயந்துபோய்ப் பிடித்துக்கொண்டார். அதையாவது மன்னித்திருப்பார். ஆரம்பம் முதல் கடைசிவரை அவளுடைய ஒரு கை கியர்க் கம்பியை விட்டு நகரவே இல்லை. எடுங்கள் என்று அவர் சொன்னபோதெல்லாம் எடுத்தாள். அடுத்த தெருவில் அது பழையபடி அங்கேயே போய் உட்கார்ந்தது.

“அம்மா, ஸ்டியரிங்குக்கு ரெண்டு கை வேணும்” என்றார் இறங்கும்போது. “கியர் எங்கேயும் ஓடிப்போயிடாது.”

ஓடிப்போய்விடும் சார் என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது.

அடுத்த டெஸ்ட்டுக்குக் கிடைத்த தேதி மாதக் கடைசியை ஒட்டி இருந்தது. அதை விட்டால் வேலை போயிற்று. டிரைவிங் ஸ்கூல் பெண்மணி முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கிழட்டு வண்டியின் முன் சீட்டில் நீ உட்காருகிறவரைக்கும் உன் கைக்குப் புத்தி வராது, டெஸ்ட் முடிகிற வரைக்கும் பின்னால் போய் உட்கார் என்று உத்தரவு போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பின் சீட்டில் ஏறினாள். மகள் முன்னால் உட்கார்ந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. என்ன கோபம் என்று கண்ணாடி வழியாக இரண்டு தடவை கேட்டார். கோபமெல்லாம் இல்லை, டிரைவிங் ஸ்கூலில் சொன்னார்கள் என்றாள். ஊரைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறி, பெரியவர் நாலாவது கியருக்கு வந்து, பெருமூச்சு விட்டு ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கியர் நழுவியது. எஞ்சின் அலறியது. அவர் பதறிப்போய் மறுபடி போட்டார். மறுபடி நழுவியது. ஒருவழியாக ஓரங்கட்டி நிறுத்தியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

பெரியவருக்குப் புதுசாக ஏதோ வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இறங்கி முன்மூடியைத் திறக்கப் போனார். அவளும் இறங்கினாள்.

“புதுசா ஒண்ணும் இல்லைங்க. நான் முன்னாடி இல்லைல்ல, அதான். கியரை யாரும் பிடிச்சுக்கலை.”

“கியரை எதுக்குப் பிடிக்கணும்?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

“நாலாவதுல நழுவும்ல? இவ மடியில இருந்தப்பலேருந்து நான்தானே பிடிச்சிட்டு வரேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

“அது எண்ணெய் மாத்தினப்பவே சரியாயிடுச்சே.”

“எண்ணெய் இல்லைங்க. இது” என்று அவள் தன் கையைக் காட்டினாள்.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். லாரிகள் காற்றை வாரி இறைத்துக்கொண்டு கடந்து போயின. “அப்போ இத்தனை வருஷமா நீ அதுமேல கை வெச்சிருந்தது கியருக்காகவா?” என்றார்.

“வேற எதுக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விருந்தாளிகள் வந்தால், அக்கா வீட்டில் நாலு பேர் கூடினால், அவர் தவறாமல் சொல்லும் ஒரு பேச்சு உண்டு. மற்ற மனைவிமார் வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவார்கள், என் மனைவி என் கையை விடவே மாட்டாள் என்பார். இவள் அதைக் கேலி என்று நினைத்துக் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். மனுஷர் நிஜமாகவே அப்படி நம்பியிருக்கிறார். முன் சீட்டில் மகள் காதிலிருந்ததை எப்போதோ கழற்றிவிட்டிருந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாலும் தோள் குலுங்கியது.

அவளுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அசடு வழிய நின்ற அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. வெந்நீரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஞாயிறுகள் நினைவுக்கு வந்ததும் சுரீரென்று கோபம் வந்தது. ஊரார் கண்ணில் உள்ள கோளாறையெல்லாம் கண்டுபிடிக்கிறவருக்கு, முழங்கை உரசும் தூரத்தில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. அன்றைக்குக் கியர் நழுவ நழுவ, பெரியவர் மீதி வழியைத் தட்டுத் தடுமாறிக் கடந்தார்.

அடுத்த சில நாட்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மகள் வழியாகவே பேசினார். உங்கள் அம்மாவை உப்பை நகர்த்தச் சொல் என்பார், உப்பு அம்மா கைக்குப் பக்கத்தில் இருக்கும். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, உங்கள் அப்பாவிடம் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல் என்பாள். இருவருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்த மகள், உங்களுக்கு நான் வேண்டுமா பெரியவர் வேண்டுமா, சீக்கிரம் முடிவு பண்ணுங்கள் என்று எழுந்து போய்விட்டாள்.

பிறகு ஒரு மாலை அவர் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டு வந்தார். சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னார். கியர்ப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் அதனோடு சேர்ந்த சின்னச் சாமானும் தேய்ந்துபோயிருக்கிறதாம். இப்போது யாரும் அதைச் செய்வதில்லையாம். பெரியவரின் வயதில் இன்னொரு வண்டி எங்காவது காலமாகி, அதைப் பிரிக்கும்போது எடுத்தால்தான் உண்டாம். கிடைத்ததும் போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறார் மெக்கானிக்.

“இத்தனை வருஷம் இதை எப்படி ஓட்டினீங்கன்னு கேட்டாரு” என்றார். குழாயை மூடியும் கையைத் துடைக்காமல் நின்றார். “என்னன்னு சொல்றது?”

அவள் துண்டை எடுத்து நீட்டினாள். அவ்வளவுதான், உப்புச் சண்டை அதோடு தீர்ந்தது.

வாயால் மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பிறவியிலேயே வராத வித்தை. அதற்குப் பதிலாக அடுத்த ஞாயிறு, அவள் பின் சீட்டில் ஏறியதும், பெரிய ரோட்டை முழுக்க மூன்றாவது கியரிலேயே ஓட்டினார். முன் சீட்டில் இருந்த மகள் நான் வேண்டுமானால் பிடித்துக்கொள்கிறேன் என்றதற்கு, வேண்டாம், அந்த வேலையை இந்தக் குடும்பத்தில் இன்னொருத்தி பழக வேண்டாம் என்றுவிட்டார். எந்த லாரிக்கும் வழி விடாத மனிதர். அவரைத் தாண்டி டிராக்டர் போயிற்று. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டும், தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்துத் திட்டிக்கொண்டும் போனார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவதுபோலப் போனார். அவள் பின்னால் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது பாதி வழியில்தான் கவனித்தாள்: கை சும்மா இருந்தது. எங்கேயும் போகத் துடிக்கவில்லை. மணிக்கட்டும் வலிக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே பார்த்துச் சமாளித்தாள்.

டெஸ்ட் நாளன்று கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். ஏதோ அறிவுரை வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள்.

“கியர் போனாலும் போகட்டும்” என்றார். “அது அவங்க வண்டி.”

போகிற வழியில் பஸ்ஸில் அவள் எல்லாத் திருப்பத்திலும் சாய்ந்து முடித்துவிட்டாள், மிச்சம் வைக்கவில்லை. அதே அதிகாரிதான் வந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டு, ஏறியதுமே தன் பக்கத்துக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். முதல் திருப்பத்தில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கியர் மாற்றினாள், கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். கை ஒருமுறை லேசாகத் திரும்பிப் பார்த்தது. அவங்க வண்டி என்று அதற்குச் சொன்னாள். அது அடங்கியது. கடைசியில் அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, போன தடவை என்னம்மா ஆச்சு உங்களுக்கு என்று கேட்டார். அது பெரிய கதை சார் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்கியவள் கதவை லேசாகத் தூக்கிச் சாத்தினாள். நல்ல வேளையாக அதற்கு மார்க் கிடையாது.

தலைமை நர்ஸ் வெள்ளைக் காரின் சாவியை அன்று மாலையே கொடுத்துவிட்டாள். முதல் வாரமே ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றவும், இடுப்பு முறிந்து கிடந்த ஓர் ஆசிரியைக்கு ஊசி போடவும் தெருத்தெருவாகப் போய் வந்தாள். இருட்டுவதற்குள் வீட்டில் இருந்தாள். எல்லோரும் விழித்திருக்கும்போது தானும் விழித்திருப்பது இவ்வளவு சுகமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு வந்தது. மகள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்காரர் ஓட்டும் பக்கம் போகவில்லை. மற்றக் கதவருகே போய் நின்றுகொண்டு, சாவியை வண்டியின் கூரைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். பார்த்து ஓட்டு என்றுகூடச் சொல்லவில்லை. அவள் பெட்ரோல் முள்ளின் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். பெரியவர் கூப்பிட்ட முதல் குரலுக்கே எழுந்தார். இத்தனை வருடம் தோள்கொடுத்த வீட்டுக்காரருக்கு இது பச்சைத் துரோகமாகப் பட்டிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பெரிய ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் அவள் நாலாவது கியரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தாள். யாரும் சொல்லாமல் அவர் கை நீண்டு வந்து கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பெரியவர் ஒரு தடவை திமிறிப் பார்த்தார். வீட்டுக்காரர் விடவில்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் தோளை அசைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் முழங்கையை எங்கே ஊன்றுவது என்று தேடினார். ஊன்ற அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பாலம் வந்தது. மூன்றாவதுக்கு மாற்ற அவள் கையை நீட்டினாள். அது அவர் கைமேல் படிந்தது. அவருக்கு எப்போது தளர்த்த வேண்டும் என்று தெரியவில்லை. அவள் அவர் கையோடு சேர்த்தே கியரை மாற்றினாள்.

“வலிக்குதான்னு ஒரு நாள்கூட நான் கேட்கலை” என்றார்.

“நானும் சொல்லலை” என்றாள். கொஞ்சம் யோசித்து, “முதல்ல கியருக்காகத்தான் வெச்சேன். அப்புறம் உங்க கை வந்து வந்து படிஞ்சதுல, கியருக்கு மட்டும்தானான்னு எனக்கே தெரியலை” என்றும் சொன்னாள்.

அவர் காது மடல் சிவந்ததை அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பின் சீட்டில் போன் அடித்தது. மகள் எடுத்துப் பேசிவிட்டு, ஒர்க்‌ஷாப்பிலிருந்து மெக்கானிக் அங்கிள், அந்தச் சாமான் கிடைத்துவிட்டதாம், நாளைக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார் என்றாள். வீட்டுக்காரர் முகத்தில் விடுதலை தெரிந்தது. கையை அந்தக் கணமே எடுத்துவிடலாம்போலத் தோன்றியிருக்கும்.

“இப்ப என்ன அவசரம்?” என்றாள் அவள், மறுபடி நாலாவது கியரைப் போட்டுக்கொண்டே. “இன்னும் பதினெட்டு வருஷம் பாக்கி இருக்குன்னு சொல்லு.”

மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, கியர்க் கம்பியை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார். முன்னால் திருப்பம் வந்தது. மூன்று பேரும் சாய்ந்தார்கள்.